பட்டியலின் கடைசி வரி

என் தம்பி செத்து ஐந்து வாரம் கழித்து அவன் மனைவி எனக்கு ஓர் அட்டைப்பெட்டி அனுப்பினாள். டெக்சாஸில் பேர்லேண்டிலிருந்து கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டுக்கு வந்த பெட்டி. உள்ளே பழைய கார் பந்தயப் பத்திரிகைகள், ஜெராக்ஸ் தாள்கள், ஓரம் கிழிந்த போட்டோக்கள். மேலே ஒரு சீட்டு. "அத்தான், இத தூக்கிப் போடவும் மனசு வரல, பாத்துக்கிட்டு இருக்கவும் முடியல. நீங்க வச்சிக்கங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பத்தாறு வயதில் ஆபீஸ் பார்க்கிங் லாட்டில் கார் கதவைத் திறந்தபடியே விழுந்து செத்தவன், வீட்டில் இவ்வளவு குப்பையைச் சேர்த்து வைத்திருக்கிறான். டாக்டரைப் போய்ப் பார் என்று அவனிடம் மூன்று முறை சொன்னேன். "இந்த வாரம் பிஸிண்ணா" என்றான். எதில் பிஸி என்று பெட்டியைப் பார்த்ததும் தெரிந்தது. கராஜில் தள்ளிவிட்டேன். நாலு மாதம் திரும்பிப் பார்க்கவில்லை.

நாங்கள் வளர்ந்தது செங்குன்றம் பக்கம். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடக்கும்போது சைக்கிளில் போவோம். எல்லோரும் முதலில் வருகிறவனைப் பார்த்துக் கத்துவார்கள். இவன் கடைசி ஆளையே பார்த்துக்கொண்டு நிற்பான். "ஜெயிக்கிறவன் ஏன் ஓட்டறான்னு எல்லாருக்கும் தெரியும்ணா. கடைசில ஒருத்தன் வரான் பாரு, அவன் ஏன் இன்னும் ஓட்டறான்? அதாண்ணா மேட்டரு." அந்தப் புத்தி அமெரிக்கா வந்தும் போகவில்லை. ஹூஸ்டன் பக்கம் ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தைகளில் அலைந்து இந்தத் தாள்களை வாங்கியிருக்கிறான்.

எல்லாம் ஐரோப்பா. எல்லாம் இரண்டாம் உலகப் போர் முடிந்த முதல் பத்து வருடங்கள். அந்தக் காலத்தில் பெரிய பந்தயங்களில்கூடக் கம்பெனி அணிகளோடு தனியாட்களும் ஓடலாம். பிரைவேட்டியர் என்பார்கள். சொந்தக் கார், சொந்தக் கை, மெக்கானிக் என்று பெயருக்கு ஒரு மச்சான். கார் என்றால் கடையில் வாங்கியதில்லை. குண்டு விழுந்த கொட்டகையிலிருந்து இழுத்து வந்த சேஸியில் வேறொரு வண்டியின் எஞ்சினைப் பூட்டியது. சனிக்கிழமை காரைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்து, ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பாதியில் நின்று, திங்கட்கிழமை கடையைத் திறந்தவர்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. பட்டியலில் ஒரு வரி, அவ்வளவுதான்.

நாலு மாதம் கழித்து, கராஜில் தண்ணீர் ஒழுகியதால் பெட்டியை நகர்த்தினேன். நனைந்ததா என்று பார்க்கத் திறந்தேன். மூன்றாவது தாள் ஒரு பந்தய முடிவுப் பட்டியல். கடைசி வரியைத் தம்பி பேனாவால் இரண்டு முறை வட்டமிட்டு, பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தான்.

"இவன் யாரு?"

அவன் கையெழுத்து எப்போதும் வலப்பக்கம் சரியும். ஸ்கூலில் அதற்கு அடி வாங்கியிருக்கிறான். நான் கராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கடைசி வரிக்கு நேரே ஒரு குறிப்பு இருந்தது. கடைசி வரை ஓடினான், கோட்டைத் தாண்டினான், ஆனால் முதலாவது வந்தவனைவிட ரொம்பச் சுற்றுகள் பின்தங்கியதால் கணக்கில் சேர்க்கப்படவில்லை. பாதியில் நின்றவனுக்காவது காரணம் போடுகிறார்கள், கியர்பாக்ஸ் என்றோ ஆயில் என்றோ. முழுக்க ஓடியவனுக்கு இது.

சரி, யார் என்று கண்டுபிடித்துவிடுவோம் என்று கிளம்பினேன். துக்கம் என்று சொல்லிக்கொண்டு உட்கார எனக்குத் தெரியாது. வேலை கொடுத்தால் செய்வேன்.

என் வேலையும் அதுதான். ஒரு டிஸ்க் டிரைவ் தயாரிக்கும் இடத்தில், கெட்டுப்போய்த் திரும்பி வரும் டிரைவைப் பிரித்து அது ஏன் கெட்டது என்று எழுதித் தர வேண்டும். ஒரே ஓர் ஆதாரத்தை வைத்து முடிவு எழுதும் ஜூனியர்களை நான் கிழித்துத் தொங்கவிடுவேன். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

சனிக்கிழமைகளில் லைப்ரரி. வேறு ஊர் லைப்ரரிகளிலிருந்து புத்தகம் தருவித்துக் கொடுத்த லைப்ரரியன் அம்மாவுக்கு என்னைக் கண்டாலே சலிப்பு. இரவல் சீட்டு எழுதியே கை வலித்தது. வீட்டில் என் மனைவி வேறு. "ஃப்ரீவேல மெர்ஜ் பண்றதுக்கே ரெண்டு எக்ஸிட் தள்ளிப் போற ஆளு நீங்க. உங்களுக்கு எதுக்கு ரேஸ் காரு?"

"எனக்கில்ல. அவனுக்கு."

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவளே என் இரவல் சீட்டுகளை எடுத்து வைத்தாள்.

கம்ப்யூட்டரில் ஒரு மெயிலிங் லிஸ்ட் இருந்தது. உலகம் முழுக்க இதே பைத்தியம் பிடித்தவர்கள். நான் கேட்டால் உடனே பதில் வரும். எல்லாம் ஒரே பதில்: சேஸி நம்பர் என்ன? எஞ்சின் நம்பர் என்ன? கார் இப்போது யாரிடம் இருக்கிறது? ஓட்டியவன் யார் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. நம்பர் தெரிந்தால் துருப்பிடித்த இரும்புக்கு விலை கூடும். செத்தவனுக்கு என்ன விலை? நான் அதை அப்படியே எழுதிப் போட்டேன். இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். ஒருவர் மட்டும் உருப்படியாக, ஆள் பெல்ஜியத்துக்காரனாக இருக்கலாம், அங்கே இன்ன ஊர் மோட்டார் கிளப்புக்கு எழுதிப் பார் என்றார்.

எழுதினேன். கிளப்பின் செயலாளர் என் கடிதத்தை ஒரு பெண்மணிக்கு அனுப்பி வைத்தார். அந்த ஓட்டுநரின் மகள். ஒரே மகள்.

அந்தம்மாவுக்கு அப்போது அறுபதை நெருங்கிய வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துறைமுக ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் ஆங்கிலம் நன்றாக வரும். கடிதத்தில் ஓர் அடித்தல் இருக்காது. அவர் அப்பா சின்ன ஊரில் கராஜ் வைத்திருந்தார். போருக்கு முந்தைய டூரிங் காரின் சேஸி, எங்கிருந்தோ வந்த எஞ்சின், உடம்பு அவரே தட்டிய அலுமினியம். பானெட் தாழ்ப்பாள் நிற்கவில்லை என்று மகளின் ஸ்கூல் பையிலிருந்து தோல் வாரை வெட்டிக் கட்டியிருக்கிறார். அந்த வருடம் முழுக்கப் பையைக் கையில் அணைத்துக்கொண்டே ஸ்கூலுக்குப் போனேன் என்று எழுதியிருந்தார். ஒரு போட்டோவும் வைத்திருந்தார். பானெட் மேல் அந்த வார் தெரிகிறது, அதன் பக்கிளும் தெரிகிறது. பக்கத்தில் சிலேட்டைப் பிடித்தபடி ஒரு சிறு பெண். அப்பா ஒவ்வொரு முறை கடக்கும்போதும் எத்தனையாவது சுற்று என்று எழுதிக் காட்டுவது அவர் வேலை. நடுவில் கணக்கை விட்டுவிட்டார். அப்பா அதற்குத் திட்டவில்லையாம்.

அந்தப் பந்தயத்துக்குப் பிறகு அவர் அம்மா அழுதிருக்கிறார். அப்பா மகளின் தலையில் கை வைத்து, இனி ஓட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். காரை விற்றுவிட்டார். "என் அப்பா சொன்ன சொல் மாறாதவர். அதற்குப் பிறகு பந்தயத்தின் பக்கமே போகவில்லை." அவர் செத்தது ரொம்பக் காலம் கழித்து, படுக்கையில், வியாதியில்.

எனக்கு இது போதும் என்று நிறுத்தியிருக்க வேண்டும். தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. எனக்கும் நிறுத்த மனமில்லை. அவர் என்னை என் அப்பா பெயரைச் சொல்லி மிஸ்டர் என்று எழுதுவார். அமெரிக்காவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. ஒரு கடிதத்தில் இதை விளக்கினேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னால் நிற்கும் எழுத்து அப்பாவுடையது, நீங்கள் எழுதுவது என் அப்பாவின் பெயர் என்று. அவர் பதில்: "அப்படியானால் இத்தனை மாதமும் உங்கள் அப்பாவுக்கா எழுதிக்கொண்டிருந்தேன்? அவர் மிக நன்றாகப் பதில் எழுதுகிறார். என் அன்பைச் சொல்லுங்கள்." அதிலிருந்து ஒவ்வொரு கடிதமும் உங்கள் அப்பா எப்படி இருக்கிறார் என்றுதான் முடியும். என் அப்பா செத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. நான் அதைச் சொல்லவில்லை. நலம் என்று எழுதுவேன்.

ஒரு வருடம் இப்படிப் போனது. பிறகு மெயிலிங் லிஸ்ட்டில் ஒருவர் பழைய மலையேற்றப் பந்தயத் தாள்களை ஜெராக்ஸ் எடுத்து எனக்கு அனுப்பினார். மலைப்பாதையில் ஒவ்வொரு காராக மேலே ஏறி நேரம் பார்க்கும் பந்தயம். பெல்ஜியத்தில் இன்னொரு மூலையில், அந்தம்மாவின் அப்பா ஓடிய பந்தயத்துக்கு இரண்டு வருடம் பிந்தியது. கூடவே ஒரு போட்டோ. வளைவில் திரும்பும் காரைப் பின்னாலிருந்து, மேட்டில் நின்று எடுத்தது. ஓட்டுகிறவனின் முதுகும் ஹெல்மெட்டும்தான் தெரிகின்றன. ஆனால் பானெட் மேல் அந்தத் தோல் வார். பக்கிளோடு. அதே கார்.

பட்டியலில் பெயரைப் பார்த்தேன். இதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். முதல் பட்டியலில் ஆர் என்ற இனிஷியல், பிறகு டி-யில் தொடங்கும் முழுப் பெயர். இந்தப் பட்டியலில் டி என்ற இனிஷியல், பிறகு ஆர்-இல் தொடங்கும் முழுப் பெயர்.

தமிழ்நாட்டில் பிறந்த யாரிடம் வேண்டுமானாலும் இந்த இரண்டு வரியைக் காட்டுங்கள். அப்பாவும் பிள்ளையும் என்பான். பிள்ளையின் இனிஷியல் அப்பா பெயர். பிள்ளைக்கு வைத்திருப்பது தாத்தா பெயர், அப்பாவின் இனிஷியலில் நின்ற அதே தாத்தா. என் வீட்டிலும் அப்படித்தான். எனக்குத் தாத்தா பெயர். என் அப்பாவின் எழுத்தையும் என் எழுத்தையும் பக்கத்தில் வைத்தால் எழுத்துகள் வேறு, வடிவம் இதே. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்தம்மாதான், அப்பா சத்தியத்தைக் காப்பாற்றினார், காரை விற்றார் என்று எழுதியிருக்கிறாரே. அப்படியென்றால் காரை மகனுக்குக் கொடுத்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா பிரான்ஸில் லியோனில் சில வருடம் மெக்கானிக்காக இருந்தார் என்றும் எழுதியிருந்தாரே. எல்லாம் பொருந்தியது.

கம்பெனியில் ஒரு ஜூனியர் இப்படி எழுதியிருந்தால் அந்தத் தாளைக் கசக்கி அவன் மேசையிலேயே போட்டிருப்பேன். நான் அன்று சாயங்காலமே பெல்ஜியத்துக்கு எழுதினேன். உங்களுக்கு ஓர் அண்ணன் இருந்திருக்கிறார். அவரும் ஓட்டியிருக்கிறார். அதே காரை.

அதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தம்பி போன பிறகு முதல்முறையாகச் சந்தோஷமாக இருந்தேன், அதுவும் இதை எழுதும்போது.

அவர் பதில் இரண்டே வரி. "எனக்கு அண்ணன் இல்லை. நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள்." அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் நான் விடவில்லை. ஆதாரம் இருக்கிறது என்று பட்டியலை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினேன். போட்டோவையும் அனுப்பினேன். எங்கள் வழக்கத்தில் இனிஷியல் எப்படி என்று இன்னொரு முறை எழுதினேன், ஏதோ உலகம் முழுக்க அதுதான் சட்டம் என்பதுபோல.

மூன்று வாரம் கழித்து நீண்ட கடிதம் வந்தது. யோசித்துப் பார்த்தாராம். பட்டியலில் முழுதாக இருப்பது அப்பாவின் பெயர்தான், பிள்ளைக்கும் அதையே வைத்திருப்பார்கள் போல. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அப்பா லியோனுக்கு ஒரு பார்சல் அனுப்புவார், யாருக்கு என்று அம்மா கேட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் உதிரிப் பாகம் வாங்கப் போகிறேன் என்று நாள் முழுக்கக் காணாமல் போவார். "நான் தனியாள் என்று அறுபது வருடம் நினைத்திருந்தேன். இப்போது படுக்கும்போது, எங்கேயோ ஒரு கிழவன் என் அப்பாவின் மூக்கோடு படுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்கிறேன். சிரிப்பு வருகிறது."

பிறகு அவர் தேட ஆரம்பித்தார். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். லியோன் டெலிபோன் புத்தகத்தைத் தருவித்து, அந்தப் பெயருள்ள ஒவ்வொருவருக்கும் எழுதினார். அவருக்கு இடுப்பு எலும்பு சரியில்லை, மாடிப்படி ஏற முடியாது. அந்த இடுப்போடு ரயிலில் லியோன் போய் ஓய்வு பெற்ற ரொட்டிக் கடைக்காரர் ஒருவரைச் சந்தித்தார். அவர் அண்ணன் இல்லை. ஆனால் நல்ல மனிதர், மதியச் சாப்பாடு போட்டார், நானும் உங்களுக்காகத் தேடுகிறேன் என்றார், ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் விசாரிக்கிறார். கடிதத்துக்குக் கடிதம் எனக்கு நன்றி. எனக்கும் என் அப்பாவுக்கும் நன்றி.

தம்பியின் மூன்றாவது வருடத் திதிக்குப் பேர்லேண்ட் போனேன். மீனாட்சி கோயிலில் அர்ச்சனை, பிறகு வீட்டில் சாப்பாடு. தம்பி மகள் மாடியிலிருந்து "ஐயாம் நாட் ஹங்க்ரி, மாம்" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். தம்பி மனைவி டைனிங் டேபிளைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் ஃபைல்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். அவன் ஆரம்பித்ததை நான் எங்கே கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறேன் என்று காட்ட இரண்டு பட்டியலையும் எடுத்து வைத்தேன். பெருமையாகத்தான் எடுத்து வைத்தேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"அத்தான், இது ஒரே ஆளு."

"இல்லம்மா. இது அப்பா, இது புள்ள. இனிஷியல் பாரு."

"வெள்ளக்காரனுக்கு ஏது அத்தான் அப்பா பேர்ல இனிஷியல்? எவனோ லிஸ்ட் எழுதினவன் சர்நேம முன்னாடி சுருக்கிப் போட்டுட்டு பேர பின்னாடி எழுதிட்டான். எங்க ஆபீஸ்ல டெய்லி எனக்கு இதான் வேல. ஒரே ஆளு, ரெண்டு ஃபைலு. பேரு முன்ன பின்ன. அதுலயும் பாதி நம்மாளுங்க. ரெண்டையும் மெர்ஜ் பண்ணிப் பண்ணி எனக்குக் கண்ணு போச்சு."

"அவரு ரேஸ விட்டுட்டாரும்மா. சத்தியம் பண்ணியிருக்காரு."

"யாருகிட்ட, பொண்டாட்டிகிட்டயா?" அவள் சிரித்தாள். "உங்க தம்பிகூடத்தான் சண்டே மார்க்கெட் போக மாட்டேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணாரு. கார் ட்ரங்க்க தொறந்தா பூரா பேப்பரு. பேர மாத்திப் போட்டா பேப்பர்ல வந்தாலும் பொண்டாட்டிக்குத் தெரியாதுல்ல? அந்தாளே மாத்திக் குடுத்திருப்பாரு."

நான் தாளைப் பார்த்தேன். ஆர், டி. டி, ஆர். இரண்டரை வருடத் தேடல், ஒரு நிமிடத்தில் இடிந்தது. உதிரிப் பாகம் வாங்கப் போன ஞாயிற்றுக்கிழமைகள். எட்டு வருடம் இந்த நாட்டில் என் பெயரை எல்லோரும் தலைகீழாகக் கூப்பிட்டார்கள். அதே தலைகீழை ஒரு தாளில் பார்த்தபோது எனக்குத் தெரியவில்லை. முட்டாள்.

"ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க? சின்ன தப்புதானே?"

அந்தம்மாவைப் பற்றிச் சொன்னேன். விளம்பரம், ரயில், ரொட்டிக் கடைக்காரர், எல்லாம். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அவரு போன அன்னிக்கு ஹாஸ்பிடல்ல ஒரு பேப்பர் குடுத்தாங்க அத்தான். உங்ககிட்ட சொன்னதில்ல. அதுல செத்துப்போனது மாமான்னு இருந்துச்சு. உங்கப்பா. பேரு மாறிப்போயி, அவரு பேரு எங்கயுமே இல்ல. எனக்கு உடனே... இது இவரு இல்ல, வேற யாரோ, இவரு வேற ரூம்ல இருக்காருன்னு ஓடினேன். ரெண்டு நிமிஷம். தெனம் நானே திருத்தற தப்பு அது. எனக்கே தெரியல." மேசைத் துணியின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள். "அந்த ரெண்டு நிமிஷம் இருக்கு பாருங்க, அதுக்கப்புறம் நடந்ததவிட அதுதான் என்னைக் கொன்னுச்சு. அந்தம்மாவுக்கு எத்தன மாசமா?"

"எட்டு."

"சொல்லிடுங்க. லெட்டர் போடாதீங்க. போன் பண்ணுங்க."

போன் பண்ணவில்லை. உண்மையைச் சொல்கிறேன், ஆறு வாரம் பண்ணவில்லை. சொன்னால் இல்லாத அண்ணன் மட்டும் போக மாட்டான். இருந்த அப்பாவும் போவார், சொன்ன சொல் மாறாத அப்பா. மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு இரண்டு வருடத்தில் பெயரைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மலையேறிய ஆள்தான் மிஞ்சுவார். சொல்லாமலே விட்டால் என்ன? அவர் தேடிக்கொண்டே இருப்பார், நம்பிக்கொண்டே இருப்பார். யாருக்கு நஷ்டம்? இப்படி எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். அப்போது இன்னொரு கடிதம் வந்தது. அடுத்த மாதம் மறுபடி லியோன் போகிறாராம். இந்த முறை ஊர் ஆஸ்பத்திரிகளின் பழைய பிறப்புப் பதிவுகளைப் பார்க்க. அண்ணனுக்கு என்று ஸ்வெட்டர் பின்னத் தொடங்கியிருக்கிறாராம். "அளவு தெரியவில்லை. அப்பாவின் அளவில் போடுகிறேன்."

மறுநாள் காலை மோரி அவென்யூவில் இந்தியக் கடையில் காலிங் கார்டு வாங்கி, ஆபீஸுக்குப் போகாமல் வீட்டுக்கு வந்து போன் செய்தேன். நாங்கள் ஒருவர் குரலை ஒருவர் கேட்டதில்லை. நான் யார் என்று சொன்னதும் அவர் சிரித்தார். கனத்த, ஆண் பிள்ளைச் சிரிப்பு.

"பேசுவது நீங்களா, உங்கள் அப்பாவா?"

"நான்தான். என் அப்பா செத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. சொல்லாமல் இருந்தேன். மன்னியுங்கள்."

"ஓ" என்றார். பிறகு மெதுவாக, "அதைச் சொல்லவா இவ்வளவு தூரம் போன் செய்தீர்கள்?"

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. நேரே சொன்னேன். நான் தப்புச் செய்துவிட்டேன். இரண்டு பெயரும் ஒரே ஆள். எங்கள் வழக்கப்படி படித்துவிட்டேன். உங்களுக்கு அண்ணன் இல்லை.

மறுமுனையில் எங்கோ ஒரு கடிகாரம் கேட்டது. கார்டில் நிமிடம் ஓடுகிறது என்று மடத்தனமாக ஒரு நினைப்பு வந்தது.

"அப்படியானால் மலையில் ஓட்டியது என் அப்பா" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

"ஆமாம்."

"என்னிடம் சத்தியம் செய்த பிறகு."

"ஆமாம்."

"அந்தப் போட்டோ இதோ, என் எதிரே சுவரில் இருக்கிறது. ஒன்பது மாதமாக அந்த முதுகுக்குக் காலை வணக்கம் சொல்கிறேன்." மூச்சு விட்டார். "சொந்த அப்பாவின் முதுகு. எனக்குத் தெரியவில்லை, பாருங்கள்."

மன்னிக்க வேண்டும் என்று மறுபடி சொன்னேன். அவர் அதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை.

"அன்று எத்தனையாவதாக வந்தார்?"

பட்டியல் என் கையில்தான் இருந்தது. "தன் வகுப்பில் மூன்றாவது."

"மூன்றாவது" என்றார். "வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்திருப்பார்." அப்போதுதான் அழுதார். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்வது? கார்டில் இருந்த நிமிடம் தீர்ந்து லைன் போய்விட்டது. மறுபடி கார்டு வாங்கி வந்து கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு கவர் வந்தது. உள்ளே மலையேற்றப் போட்டோவும் பட்டியலும் இருந்தன, நான் அனுப்பியவை. சிலேட்டோடு நிற்கும் சிறு பெண்ணின் போட்டோவை அவரே வைத்துக்கொண்டார். கடிதம் வழக்கம்போல ஓர் அடித்தல் இல்லாமல் டைப் செய்தது. லியோன் நண்பரிடமும் சொல்லிவிட்டாராம். ரொம்ப நல்லவர், ஆனால் இனி அவர் ஞாயிற்றுக்கிழமை போன் செய்யக் காரணம் எதுவும் இல்லை. ஸ்வெட்டரைப் பிரித்துவிட்டாராம். பிறகு ஒரு வேண்டுகோள். "என் அப்பாவின் பெயரை எங்கேயும் எழுதாதீர்கள். என் அம்மாவுக்கு இதைத் தெரியவிடாமலே செத்தார். அது அப்படியே இருக்கட்டும். எனக்கும் இனி எழுத வேண்டாம்." எப்போதும் கேட்கும் கேள்வி கடைசியில் இல்லை.

நான் வாக்குக் கொடுத்து ஒரு வரி எழுதினேன். பதில் வரவில்லை. வரக் கூடாது என்பதுதானே அவர் சொன்னது.

மெயிலிங் லிஸ்ட்டில் இன்னும் கேட்கிறார்கள். எல்லாப் பிரைவேட்டியர்களையும் சேர்த்து ஒரு பெரிய பதிவேடு தயாராகிறது, அந்தக் கடைசி வரி ஆளைப் பற்றி ஏதாவது தெரியுமா, சேஸி நம்பர் கிடைத்ததா என்று. தெரியாது என்று எழுதுகிறேன். பதிவேட்டில் அந்த ஒரு வரிக்கு எதிரே ஒன்றும் இருக்காது. அதனால்தான் இங்கேயும் யார் பெயரும் இல்லை.

போன மாதம் தம்பி மனைவி போனில் கேட்டாள். "அத்தான், அவரு கேட்டிருந்தாரே, அந்தாளு யாருன்னு, கண்டுபுடிச்சிட்டீங்கல்ல? அந்தப் பேப்பர்ல எழுதி வச்சிடுங்களேன். அவருக்காக."

"எழுதக் கூடாதும்மா. வாக்குக் குடுத்திருக்கேன்."

"அவரு ஒருத்தர்தான அத்தான் பாப்பாரு."

பிறகு, கோயிலுக்குப் போகணும், வச்சிடறேன் என்றாள்.

கராஜுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். அந்தத் தாளை எடுத்தேன். இரண்டு வட்டம், சரிந்த கையெழுத்து, பக்கத்தில் எழுத நிறைய இடம். பேனாவைக்கூட எடுத்துப் போயிருந்தேன், மூடியைத் திறக்கவில்லை. தாளுக்கு அடியில் முதுகு தெரியும் போட்டோவை வைத்து, பெட்டியை மூடி, மேலே டேப் ஒட்டினேன்.